புதுக்கும் புறமும்: பொதுக்கட்டடப் பேணுகைச் சொற்கள் குறித்து ஒரு வரலாற்று நோக்கு

பழைய பொதுக்கட்டடங்களைப் பேணுதல் பற்றிய சொற்கள் தமிழில் பல உள்ளன. புதுக்குதல், புதுப்பித்தல், பழுதுபார்த்தல், செப்பனிடுதல், ஒக்கிடுதல், சீரமைத்தல், புனரமைத்தல், திருப்பணி செய்தல், சீரணோத்தாரணம், மராமத்து எனப் பத்துச் சொற்களை ஒரே மூச்சில் கூறிவிடலாம். இவை ஒருபொருட் பன்மொழிகளா, அன்றி ஒவ்வொன்றும் வெவ்வேறு செயலைச் சுட்டுவனவா என்னும் வினாவே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய். கட்டடமா, கட்டிடமா என்னும் பழைய வழக்கை இங்கு மீண்டும் திறக்க விரும்பவில்லை. அது தனிக் கட்டுரைக்குரியது. இங்கு எடுத்துக்கொண்ட வினா அகராதியியல் சார்ந்தது போலத் தோன்றினும் அதன் விடை செங்கல்லையும் சுண்ணாம்பையும் சென்று தொடுகிறது. அதனைச் சற்றுத் தாமதமாகவே உணர நேர்ந்தது.

சில ஆண்டுகளுக்கு முன், நூறாண்டைக் கடந்த நூலகக் கட்டடம் ஒன்றின் நிலை குறித்து ஆங்கிலத்தில் எழுதப்பட்ட பொறியியல் அறிக்கையைத் தமிழாக்கும் பணி என்னிடம் வந்தது. மூலத்தில் ரிப்பேர், ரெஸ்டோரேஷன், ரெனொவேஷன், ரெட்ரோஃபிட் என்னும் நான்கு சொற்கள் நான்கு பொருளில் ஆளப்பட்டிருந்தன. அவற்றுள் மூன்றுக்குப் 'புதுப்பித்தல்' என்றும் ஒன்றுக்குச் 'சீரமைத்தல்' என்றும் எழுதினேன். தமிழ் நடை தெளிவாக இருந்தது. எவரும் குறை கூறவில்லை. அத்தமிழாக்கத்தை அடியொற்றியே வேலைப் பட்டியல் எழுதப்பட்டது. ஓராண்டு கழித்து அங்குச் சென்றபோது வாசிப்புக்கூடத்துச் சுவர்களின் காரைப்பூச்சு முழுவதும் கொத்தி அகற்றப்பட்டுச் சிமெண்டு பூசப்பட்டிருந்தது. அதன்மேல் பளபளப்பான எண்ணெய் வண்ணமும் ஏறியிருந்தது. உதிர்ந்த இடங்களில் மட்டும் சுண்ணாம்புக் காரை கொண்டு ஒட்டுப்போட வேண்டும் என்பதே மூல அறிக்கையின் கருத்து. இரண்டாம் மழைக்காலத்தில் சுவரின் அடிப்பகுதி பொரிந்து உப்புப் பூத்தது. "புதுப்பிக்கச் சொல்லியிருந்தது, புதுப்பித்தோம்" என்றார் மேற்பார்வையாளர். அவர் விடையில் பிழை இல்லை. பிழை என்னுடையது.

இதன் காரணம் எளியது. சுண்ணாம்புச் சாந்தால் கட்டிய செங்கற்சுவர் நிலத்தின் ஈரத்தைச் சிறிது உறிஞ்சும்; உறிஞ்சியதைப் பூச்சின் வழியே வெளிவிட்டுவிடும். அடர்ந்த சிமெண்டுப் பூச்சு அவ்வழியை அடைத்துவிடுகிறது. உள்ளே தங்கிய ஈரத்தில் கரைந்துள்ள உப்பு, செங்கல்லின் மேற்பரப்புக்கு அண்மையில் படிகமாகி அதனைப் பொடியாக்குகிறது. காக்க வந்த பூச்சே சுவரைத் தின்னத் தொடங்குகிறது. இத்தனையும் ஒரு வினைச்சொல்லின் தெரிவில் அடங்கியிருந்தது என்பதை உணர்ந்த பின்னரே இச்சொற்களின் வரலாற்றைத் தேடத் தொடங்கினேன்.

கல்வெட்டுகள் காட்டும் வேறுபாடு

'புது' என்னும் அடியிலிருந்து இரு பிறவினை வடிவங்கள் தோன்றியுள்ளன. ஒன்று 'புதுக்கு', ஆக்கு, போக்கு, நீக்கு என்பனபோல் ககர ஈறு பெற்றது. மற்றொன்று 'புதுப்பி'. இவ்விரண்டனுள் பின்னதே இன்று வழக்கில் நிற்கிறது. உரிமம், சந்தா, ஒப்பந்தம், வீடு, நட்பு ஆகிய அனைத்தையும் நாம் புதுப்பிக்கிறோம். முன்னது அகராதிகளில் ஒதுங்கிவிட்டது. ஆயினும் இடைக்காலக் கல்வெட்டுகளில் 'புதுக்கு' என்பது பெயராகவும் நின்று, சிதைந்த கட்டடப் பகுதியைச் சரிசெய்யும் பணியைக் குறித்தது. அதனினும் முதன்மையானது 'புதுக்குப்புறம்' என்னும் தொகைச்சொல். கோயிற் பழுதுபார்ப்புக்கென விடப்பட்ட நிலம் என்பது அதன் பொருள்.

இங்கு 'புறம்' என்பது கருதற்குரியது. அறப்புறம், மடப்புறம், திருநந்தவனப்புறம் என்பனபோல் ஒரு செயலுக்கு நிலையான வருவாய் தரும் நிலத்தை இவ்வீறு குறிக்கும். ஆகவே 'புதுக்குப்புறம்' என்னும் சொல் மூன்று செய்திகளைத் தன்னுள் கொண்டது: செய்ய வேண்டிய பணி, அதற்கான பொருள்வழி, அப்பணி ஒருமுறையுடன் முடிவதன்று என்னும் துணிபு. கட்டடம் எழுப்பப்பட்டபின் அது தேயும், வெடிக்கும், ஒழுகும் என்பதை முன்னறிந்து, அதற்கென ஆண்டுதோறும் விளையும் நிலத்தை ஒதுக்கியவர்களின் சொல் இது. இன்றைய வரவு செலவுத் திட்டங்களில் புதிய கட்டடத்துக்கு எளிதில் கிடைக்கும் தொகை பழைய கட்டடத்தின் ஆண்டுப் பராமரிப்புக்குக் கிடைப்பதில்லை என்று பொறியாளர்கள் குறைபடுவதைக் கேட்கும்போதெல்லாம் இச்சொல் நினைவுக்கு வருகிறது. சொல் வழக்கிழந்ததால் ஏற்பாடு மறைந்ததா, ஏற்பாடு மறைந்ததால் சொல் வழக்கிழந்ததா என்பதை மொழியியல் மட்டும் தீர்க்க இயலாது. கோயில் நிலங்களின் வரலாறு அறிந்தோர் இரண்டாவதே உண்மை என்பர். எனக்கும் அதுவே சரியெனத் தோன்றுகிறது.

இம்முறை கோயிலோடு நின்றதன்று. ஏரியைப் பேண விடப்பட்ட நிலம் 'ஏரிப்பட்டி' எனப்பட்டது. முதற் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் முதலியவற்றுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் முறையை விரிக்கின்றன. குடவோலை பற்றிப் பேசுவோர் பலரும் விட்டுவிடும் செய்தி ஒன்றுண்டு. அவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுள் ஒரு பகுதியினரின் கடமை ஊர்ப்பொதுவான நீர்நிலையைப் பழுதின்றி வைத்திருப்பதே. பராமரிப்பு என்பது அங்கே தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு குழுவின் பொறுப்பு. பொறுப்பேற்றவர் யாவர் என்பது ஊர் அறிந்தது.

மைசூரிலிருந்து எழுதுவதால் கன்னடக் கல்வெட்டுகளையும் இங்குச் சுட்ட வேண்டும். அவற்றில் கொடைகளின் நோக்கமாக 'கண்டஸ்புடித ஜீர்ணோத்தார' என்னும் வாய்பாடு அடிக்கடி வருகிறது. வாய்பாடு என்பதால் படிப்போர் அதனைக் கடந்து சென்றுவிடுவர். பிரித்து நோக்கினால் அது சிதைவின் வகைப்பாடாகவே அமைகிறது. கண்டம் உடைந்து பிரிந்தது. ஸ்புடிதம் வெடிப்பு விட்டது. ஜீர்ணம் முதுமையால் தேய்ந்து நைந்தது. இம்மூன்றுக்கும் மருத்துவம் வேறு என்பதை இன்றைய கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் உடனே ஒப்புவார். உத்தாரம் என்பது தூக்கி நிறுத்துதல். இடித்துக் கட்டுதல் என்னும் பொருள் அதில் நேரடியாக இல்லை. இச்சொல்லே தமிழில் 'சீரணோத்தாரணம்' ஆயிற்று. தமிழில் 'சீரணம்' என்பது செரிமானத்தையும் குறிக்கும் ஆதலின் பேச்சுவழக்கில் இச்சொல் வேரூன்றவில்லை என்று கருத இடமுண்டு. மயமதம் போன்ற சிற்பநூல்களிலும் ஆகமங்களிலும் பழுதுற்ற கட்டடத்தை மீட்பதற்கெனத் தனிப்பகுதிகள் உள்ளன.

'திருப்பணி' என்னும் சொல் இவற்றினின்று வேறுபட்டது. அது பொருட்பரப்பு மிக்கது; புதிதாகக் கட்டுவதும் திருப்பணி, பழையதைச் செப்பனிடுவதும் திருப்பணி, மண்டபம் ஒன்றைக் கூட்டுவதும் திருப்பணி. மதுரைத் திருப்பணி மாலை என்னும் நூலின் பெயரே இப்பரப்பைக் காட்டும். செய்பவரின் பத்திமையைச் சுட்டும் சொல்லாதலால் செய்யப்படும் பணியின் இயல்பை அது வேறுபடுத்துவதில்லை. பிற்காலத்தில் ஏனைய சொற்கள் மங்கியபோது இச்சொல்லே கோயில் வழக்கில் நின்றது. மங்கியது சொல் மட்டுமன்று.

பழங்கற்படி

பழையதை மாற்றும்போது எதனைக் காப்பது என்னும் வினாவுக்குச் சோழர் காலம் தந்த விடை, மொழித்துறையினருக்கு நெருக்கமானது. கண்டராதித்தரின் தேவியும் உத்தம சோழனின் தாயுமான செம்பியன் மாதேவி, செங்கற் கோயில்கள் பலவற்றைக் கற்றளிகளாக மாற்றியவர் என்பது நன்கறியப்பட்டது. திருக்கோடிகாவலில் அவ்வாறு கற்றளி எழுப்பியபோது பழைய கற்களில் இருந்த சாசனங்கள் புதிய சுவர்களில் மீண்டும் பொறிக்கப்பட்டன. அவ்வாறு பொறித்தவற்றில் இது ஒரு பழங்கல்லின் படி என்னும் குறிப்பும் சேர்க்கப்பட்டது. திருமழபாடியிலும் இதனையொத்த நிகழ்ச்சி உண்டு. முதலாம் இராசராசனின் 28ஆம் ஆட்சியாண்டில் அக்கோயிலின் விமானத்தைப் பிரித்துக் கட்ட ஆணை பிறந்தது. பிரிக்கும் முன் அங்கிருந்த கல்வெட்டுகளைப் புத்தகத்தில் படியெடுத்து வைக்குமாறும் ஏற்பாடு செய்யப்பட்டது. அவை இராசேந்திரன் காலத்தில் புதிய சுவரில் பொறிக்கப்பட்டன.

இக்குறிப்பின் நேர்மை நோக்கத்தக்கது. பொறித்தவன் அதனை மூலம் என்று கூறவில்லை. படி என்று கூறினான். வெனிசு நகரில் 1964இல் வகுக்கப்பட்ட பன்னாட்டுப் பட்டயம், பழங்கட்டடத்தில் புதிதாகச் சேர்க்கும் உறுப்பு முழுமையோடு இயைய வேண்டும், அதேவேளை அது பிற்காலத்தது என்று அடையாளங் காணத்தக்கதாகவும் இருக்க வேண்டும் என விதித்தது. பத்தாம் நூற்றாண்டுக் கற்றச்சர் இவ்விதியை எழுத்தளவில் கடைப்பிடித்தார் எனலாம். கட்டடத்தைப் பொறுத்தவரை அவர்கள் பழையதைக் காக்கவில்லை என்பதையும் மறைக்கலாகாது. செங்கல் தளி போயிற்று. காக்கப்பட்டது கொடையின் உரிமை. அதாவது அக்கட்டடத்தை நம்பி வாழ்ந்தோரின் உரிமை. இன்று பழங்கட்டடப் பேணுகை பற்றிப் பேசுவோர் சுவரைக் காத்து மக்களை வெளியேற்றிவிடும் நிகழ்ச்சிகளோடு இதனை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

மராமத்து

ஐரோப்பியர் ஆட்சியில் அலுவலக மொழியாக நிலைபெற்ற சொல் 'மராமத்து'. இது அரபு மொழியில் ர-ம்-ம் என்னும் வேரிலிருந்து தோன்றிப் பாரசீகம், உருது வழியாகத் தமிழுக்கு வந்தது. பொருள்: பழுதுபார்த்தல். இதே வேரிலிருந்து பிறந்த 'தர்மீம்' என்னும் சொல்லே இன்றைய அரபு மொழியில் தொன்மைக் கட்டட மீட்பைக் குறிக்கும் நுட்பச்சொல். ஒரே வேர், அங்கே அருங்காட்சியகத்துக்கும் பள்ளிவாசல் மீட்புக்கும் உரிய சொல்லாக உயர்ந்தது; இங்கே ஏரிக்கரைக்கும் ஊராட்சிச் சாலைக்கும் உரிய சொல்லாக நின்றுவிட்டது.

குடிகள் கூடி ஏரி, வாய்க்கால்களைத் தூர்வாரிக் கரை உயர்த்தும் வழக்கம் 'குடிமராமத்து' எனப்பட்டது. தமிழ்ச் சொல்லும் அரபுச் சொல்லும் இணைந்த இத்தொகை, முன் சுட்டிய ஏரி வாரியத்தின் கடமையை வேறொரு காலத்தில் வேறொரு மொழியில் தொடர்கிறது. ஆனால் 1858ஆம் ஆண்டின் சென்னைக் கட்டாய வேலைச் சட்டம் இவ்வழக்கத்தைத் தண்டனைக்குரிய கடமையாக்கியது. பொதுப்பணித் துறை நிறுவப்பட்டதும் அதே ஆண்டில்தான். ஒரு சொல்லின் முதற்பகுதியான 'குடி' சட்டத்துக்குள்ளும் பிற்பகுதியான 'மராமத்து' துறைக்குள்ளும் பிரிந்து போயின என்று கூறினால் அது சொல்விளையாட்டாகத் தோன்றலாம். நடந்தது ஏறத்தாழ அதுவே. தமிழக அரசு 2017இல் ஏரிச் சீரமைப்புத் திட்டத்துக்கு மீண்டும் இப்பெயரையே சூட்டியபோது, சொல்லுக்கு இருந்த பழைய நம்பகத்தன்மை இன்னும் எஞ்சியிருந்தமை புலனாயிற்று.

மகாலும் மாளிகையும்

பழங்கட்டடத்தை வேறு பொதுப்பயனுக்கு மாற்றுதல் அண்மைக்காலக் கண்டுபிடிப்பன்று. மதுரைத் திருமலை நாயக்கர் மகால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெரிதும் பாழடைந்திருந்தது. 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு அதனை மீட்க ஆணையிட்டார். இராபர்ட் சிசோம் என்னும் கட்டடக் கலைஞர் அப்பணியில் ஈடுபட்டார். மீட்கப்பட்ட மகாலில் மாவட்ட நீதிமன்றம் இயங்கியது. 1970 வரை அது அங்கிருந்தது. அரசவை கச்சேரியாயிற்று. பயன்பாடு இருந்தமையால்தான் கூரை ஒழுகியபோது கவனிக்க ஆளிருந்தது என்பதை மறத்தலாகாது.

இதே சிசோமின் கைவண்ணம் சென்னைச் சேப்பாக்கத்திலும் உண்டு. ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலி வாலாஜாவுக்காக 1768 அளவில் கட்டி முடிக்கப்பட்ட அரண்மனை, 1855இல் நவாபு வழி முடிவுற்றதாக அறிவிக்கப்பட்டபின் அரசின் கைக்கு வந்தது. கலசு மகால், உமாயூன் மகால் என்னும் இரு பகுதிகளுக்கு இடையே சிசோம் கோபுரம் ஒன்றை எழுப்பினார். வருவாய் வாரியம், பொதுப்பணித் துறை ஆகியவற்றுக்கான கட்டடங்களையும் சேர்த்தார். மராமத்துத் துறையே ஒரு பழைய கட்டடத்தில் குடியேறியது.

2012 சனவரியில் கலசு மகாலில் பெருந்தீ மூண்டது. தீயணைப்புப் பணியில் உயிரிழப்பும் நேர்ந்தது. கூரை வீழ்ந்தது. இடிப்பதே வழி என்ற பேச்சும் எழுந்தது. இறுதியில் மீட்பதென முடிவாயிற்று. பொதுப்பணித் துறையினர் சுண்ணாம்புச் சாந்து, கடுக்காய், வெல்லம், தேக்கு விட்டம், சென்னைத் தளம் ஆகிய பழைய தொழில்நுட்பங்களுக்குத் திரும்ப வேண்டியிருந்தது. சென்னைத் தளம் என்பது தேக்கு விட்டங்களின்மேல் சிறிய அச்சுக்கற்களைச் செங்குத்தாக, குறுக்குச் சாய்வாக அடுக்கி, அதன்மேல் செங்கல்லுடைவும் சுண்ணாம்பும் கலந்த காரையிட்டு, தட்டோடு பதித்து அமைக்கும் கூரை. வெயிலைத் தாமதப்படுத்தி உள்ளே விடுவதில் இதற்கிணை அரிது. இத்தொழில் அறிந்த கொத்தனார்கள் அருகிவிட்டமையால் கைப்பழக்கத்தை மீண்டும் கற்க நேர்ந்தது. அதனோடு சொற்களையும் கற்க நேர்ந்திருக்கும். 'அச்சுக்கல்', 'தட்டோடு' என்பன பொறியியல் மாணவர்க்குப் பாடநூலில் கிடைக்கும் சொற்களல்ல.

மீட்கப்பட்ட கலசு மகாலில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இயங்குகிறது. ஏரி, ஆறு, காற்று பற்றிய வழக்குகள் நவாபின் மண்டபத்தில் கேட்கப்படுகின்றன. கட்டடத்துக்கும் பயனுக்கும் இத்தகைய பொருத்தம் திட்டமிட்டு வருவதன்று. பின்னர் உமாயூன் மகாலும் மீட்கப்பட்டது.

மைசூரில் கதை வேறு. இலான்சுடவுன் கட்டடம் பல்லாண்டுகள் பழைய புத்தகக் கடைகளின் இருப்பிடமாக இருந்தது. என் போன்றோரின் அகராதிகளுள் சில அக்கடைகளின் புழுதியிலிருந்து வந்தவையே. 2012 ஆகஸ்டில் அதன் ஒரு பகுதி இடிந்து நால்வர் இறந்தனர். 2016 ஆகஸ்டில் அதனையடுத்த தேவராச சந்தையின் ஒரு பகுதியும் சரிந்தது. நிற்பதைக் காத்து வலுவூட்டுவதா, இடித்துவிட்டு அதே தோற்றத்தில் கட்டுவதா என்று வல்லுநர் குழுக்களே மாறுபட்டன. வழக்கு நீதிமன்றம் சென்றது. செய்தித்தாள்களில் இரு தரப்பாரும் ஒரே சொல்லை ஆண்டனர் என்பதே இங்குக் கவனத்துக்குரியது. ஒருவருக்கு 'மீட்பு' என்பது சுவரை நிறுத்துவது. மற்றவருக்கு அதே சொல் சுவரை நீக்கிவிட்டு அதன் சாயலை எழுப்புவது. ஆசுதிரேலிய நாட்டின் பர்ரா பட்டயம் (1979) பேணல், மீட்டல், மறுகட்டல், தகவமைத்தல் ஆகியவற்றுக்குத் தனித்தனி வரையறை வகுத்தது இத்தகைய குழப்பத்தைத் தவிர்க்கவே. புதிய பொருளைக் கொணராமல் முன்னைய நிலைக்குத் திருப்புவது மீட்டல். புதிய பொருளைக் கொணர்ந்தால் அது மறுகட்டல். வரையறை ஒரு சொல்லளவே. விளைவு ஒரு சந்தையளவு.

நிலத்துக்கு அடியிலோ மேலோ உள்ள பேரெச்சங்களைக் காக்க 1904, 1958ஆம் ஆண்டுகளின் நடுவண் சட்டங்கள் உள்ளன. சான் மார்சலின் பேணுகைக் கையேடு 1923இல் வெளிவந்தது. ஆனால் மக்கள் அன்றாடம் நுழைந்து வெளிவரும் நூலகம், சந்தை, நகர மண்டபம், பள்ளி ஆகியவை பெரும்பாலும் இச்சட்டங்களின் எல்லைக்கு வெளியே நிற்பவை. இவ்விடைவெளியை உணர்ந்தே இண்டாக் அமைப்பு 2004இல் தன் பட்டயத்தை வகுத்தது. காக்கப்படாத மரபுக் கட்டடங்களையும் வாழும் கைவினை மரபையும் அது கருத்தில் கொண்டது. சீரணோத்தாரணம் என்னும் பழஞ்சொல் அப்பட்டயத்தில் மீண்டும் இடம்பெற்றது.

இன்று வேண்டப்படும் சொற்கள்

இனி மொழிபெயர்ப்பாளர்க்கு உடனடியாகத் தேவைப்படும் சிலவற்றைக் காணலாம். 'ரெட்ரோஃபிட்' என்னும் ஆங்கிலச் சொல் இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்க வானூர்தித் துறையில் தோன்றியது. முன்னரே செய்து முடித்த வானூர்தியில், பின்னர்க் கண்டறியப்பட்ட கருவியைப் பொருத்துவதை அது குறித்தது. இந்தியாவில் அது நிலநடுக்கத்துக்கு எதிராகக் கட்டடத்தை வலுவூட்டும் பொருளிலேயே பெரிதும் பரவியது. 2001 குசராத்து நிலநடுக்கம் அப்பரவலை விரைவுபடுத்தியது. பின்னரே ஆற்றல் சிக்கனப் பொருள் அதில் ஏறியது. எவ்வாறாயினும் சொல்லின் கரு ஒன்றே: நிற்கும் ஒன்றில், அது தோன்றியபோது இல்லாத ஒன்றைச் சேர்த்தல். 'புதுப்பித்தல்' இக்கருவுக்கு நேர் எதிரானது. அது இருந்ததை மீண்டும் புதிதாக்குவது. 'மீள்பொருத்தம்' என்று சிலர் எழுதுகின்றனர். 'மீள்' என்பது முன்பு இருந்ததைக் குறிப்பாக உணர்த்துவதால் அதுவும் பொருந்தாது. 'பிற்சேர்க்கை' பொருளால் மிக நெருங்கியது. ஆனால் அதனை நூலின் இறுதிப் பக்கங்கள் முன்னரே எடுத்துக்கொண்டன. 'பிற்பொருத்து' என்பதை நான் ஆண்டு வருகிறேன். பிற்பகல், பிற்காலம் என்பனபோல் புணர்ச்சி இயல்பாக அமைகிறது, தொழிலாளர்க்கும் விளங்குகிறது.

சொல் இன்றியே செயல் நிகழ்ந்ததற்கும் சான்றுண்டு. 2003இல் தமிழகத்தில் இருக்கும் கட்டடங்கள் அனைத்திலும் மழைநீர் சேகரிப்பு அமைப்பு கட்டாயமாக்கப்பட்டது. ஓட்டு வீடு முதல் நூறாண்டு கடந்த அலுவலகம் வரை, கட்டியபோது இல்லாத குழாயும் குழியும் சேர்க்கப்பட்டன. இந்நாட்டில் நிகழ்ந்த மிகப் பெரிய பிற்பொருத்துகளுள் ஒன்று அது. எவரும் அதனைப் புதுப்பித்தல் என்று கூறவில்லை; சுவரையும் கொத்தவில்லை. 'அமைத்தல்' என்னும் எளிய வினையே போதுமானதாக இருந்தது. மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டம் (2016) இருக்கும் பொதுக்கட்டடங்களை யாவரும் அணுகத்தக்கனவாக மாற்றக் காலவரை விதித்தது. பழைய நூலகத்தின் உயர்ந்த படிக்கட்டின் பக்கத்தில் அமைக்கப்படும் சாய்தளமும் இவ்வகையினதே.

'எம்பாடீடு எனர்ஜி' என்பதற்கு 'உள்ளுறை ஆற்றல்' என்னும் ஆக்கம் பரவி வருகிறது. கட்டடத்துக்கான செங்கல்லைச் சுடவும், சிமெண்டு ஆக்கவும், இரும்பு உருக்கவும், ஏற்றிவரவும் செலவிட்ட ஆற்றலே அது. உள்ளுறை என்னும் சொல் தொல்காப்பிய மரபில் தோய்ந்தது, செவிக்கு இனியது, அதனாலேயே ஐயத்துக்குரியது. பள்ளிப் பாடநூல்களில் 'உள்ளுறை வெப்பம்' என்பது வேறொரு கருத்துக்கு நிலைபெற்றுவிட்டது. மேலும், உள்ளுறைவது வெளிப்படக் கூடியது. ஆனால் செங்கல்லைச் சுட்ட விறகு செங்கல்லுக்குள் இல்லை. அது எரிந்து போயிற்று. பழங்கட்டடத்தை இடிப்பதால் அச்செலவு மீண்டும் கைக்கு வராது. அதற்கு மேலும் ஒரு செலவு தொடங்கும். உலகின் கரியமிலவாயு வெளியீட்டில் ஏறத்தாழ 7 முதல் 8 விழுக்காடு சிமெண்டு உற்பத்தியால் நிகழ்வது என்பதை நினைத்தால் அச்செலவின் அளவு புலப்படும். 'முன்செலவு ஆற்றல்' என்பது அழகற்ற ஆக்கமே. பொருள் மட்டும் பிழைபடாது.

'சஸ்டெயினபிள்' என்பதற்குத் தமிழகத்தில் 'வளங்குன்றா', 'நீடித்த நிலையான' என்னும் ஆக்கங்களும் இலங்கையில் 'நிலைபேறான', 'பேண்தகு' என்னும் ஆக்கங்களும் வழங்குகின்றன. கட்டடம் பற்றிப் பேசும்போது இவற்றுள் 'பேண்தகு' சிறந்தது என்பது என் கருத்து. ஏனைய மூன்றும் பொருளின் தன்மையைக் கூறுகின்றன. இதுவோ பேணுவோர் ஒருவரை வேண்டி நிற்கும் வினையடியிலிருந்து பிறந்தது. தானே நிலைக்கும் கட்டடம் ஒன்றும் இல்லை. புதுக்குப்புறம் விட்டவர் இதனை அறிந்திருந்தனர்.

இறுதியாக ஒரு செய்தி. முதலிற் கூறிய நூலகத்துக்கு, அறிக்கையின் திருத்திய தமிழாக்கத்தையும் முப்பத்திரண்டு சொற்கள் கொண்ட பட்டியலையும் என் செலவிலேயே அனுப்பிவைத்தேன். அடுத்த கோடையில் பின்கட்டின் சுவர்களில் பணி தொடங்கியது. அங்கு வந்திருந்த முதிய கொத்தனார் ஒருவரிடம் பட்டியலைப் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு சுவரை விரல் முட்டியால் பல இடங்களில் தட்டிப் பார்த்து, வெறுமையாக ஒலித்த இடங்களில் மட்டும் கரியால் வட்டமிட்டார். "இது ஒக்கிடற வேலைதானுங்களே" என்றார். என் பட்டியலில் அச்சொல் இல்லை. முப்பத்து மூன்றாவதாக அதனைச் சேர்த்தேன்.